எழுத்தறியாத ராஜதந்திரி

கரூரிலிருந்து திண்டுக்கல்லை நோக்கிச் செல்லும் ரயில்வண்டி எரியோட்டில் சற்று நின்று புறப்படுகிறது. ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும் பிரயாணியின் கண்ணில் படுவன செம்மண் பூமியும், வேலியோரத்து முள்மரங்களும், கிணற்றை நம்பிப் பயிரிடும் தோட்டக்கால்களுமே. இங்கே சரித்திரம் நடந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் சிரித்தாலும் சிரிப்பார். ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் எரியோடு ஒரு பாளையம். திண்டுக்கல் சீமையில் இத்தகைய பாளையங்கள் இருபதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மண்கோட்டை, சில நூறு ஈட்டிக்காரர், எப்பொழுதும் கட்டித் தீராத கிஸ்தி பாக்கி. மைசூர் சர்க்காருக்குப் பணம் செலுத்துவதைப் பாளையக்காரர்கள் தங்கள் கௌரவத்துக்கு இழுக்காகவே நினைத்தார்கள்.

அவர்களை வழிக்குக் கொண்டுவருவதற்காக 1755-ஆம் வருஷத்தில் ஒரு சேனாதிபதி திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்து சேர்ந்தார். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாது. பெயர் ஹைதர் அலி.

ஹைதர் அலியைப் பற்றிப் பள்ளிக்கூடத்துச் சரித்திர புஸ்தகங்கள் கூறுவதெல்லாம் பெரும்பாலும் யுத்தங்களைப் பற்றித்தான். எந்த இடத்தில் வென்றார், எந்த இடத்தில் தோற்றார் என்று வருஷத்தோடு பாடம் பண்ணிப் பிள்ளைகள் பரீட்சையில் எழுதிவிட்டு வருகிறார்கள். அவர் பேசிய பேச்சு, செய்துகொண்ட உடன்படிக்கை, நம்பிய வாக்குறுதி, தாமே மீறிய வாக்குறுதி ஆகியவற்றைப் பார்த்தால்தான் அந்த மனிதரின் வாழ்க்கை முழுதும் விளங்கும். அந்த வாழ்க்கையின் நடுநாயகமான சம்பவம், என் அபிப்பிராயத்தில், எந்தப் போர்க்களத்திலும் நடக்கவில்லை. சென்னைக்குப் பக்கத்தில், பரங்கிமலையில், ஒரு காகிதத்தின் மேல் நடந்தது.

போர்வீரர் ராஜதந்திரியாவது உலகத்தில் புதிதன்று. நெப்போலியனை எதிர்த்து நின்ற ரஷ்ய சேனாதிபதி குட்டுஸாவ் இருமுறை தலையில் குண்டடி பட்டுப் பிழைத்தவர். அவரே 1793-ல் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு ஸ்தானாபதியாகச் சென்று, துருக்கி சுல்தானின் தர்பாரில் இனிமையாகப் பேசி எல்லோரையும் வசப்படுத்திக் கொண்டார். பின்னர் 1812 மே மாதத்தில் துருக்கியருடன் புக்காரெஸ்ட் உடன்படிக்கையை அவசரம் அவசரமாக முடித்தார். ஒரு மாதம் முழுதாக ஆகுமுன் நெப்போலியன் ரஷ்யாவின் எல்லை நதியைக் கடந்துவிட்டான். துருக்கியரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்த ரஷ்யப் படைக்கு அந்தக் காகிதம் எவ்வளவு பெரிய உபகாரம் செய்தது என்று யோசித்துப் பாருங்கள்! ஆனால் குட்டுஸாவுக்குப் பின்னால் ஒரு சக்கரவர்த்தியும் ஒரு பெரிய ராஜ்யமும் பரம்பரையான மந்திராலோசனையும் இருந்தன. ஹைதருக்குப் பின்னால் ஹைதரேதான் இருந்தார்.

திருச்சிராப்பள்ளிப் பாடம்

ஹைதரின் தகப்பனார் பதே முகம்மது ஒரு படைத் தலைவர். பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே யுத்தத்தில் மாண்டார். மைசூர்ப் படையில் சேர்ந்த ஹைதர், 1749-ல் தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய துணிவினால் சர்வாதிகாரி நஞ்சராஜருடைய கண்ணில் பட்டார். அக்காலத்து மைசூரில் உடையார் ராஜா சிம்மாசனத்தில் வீற்றிருப்பார். அதிகாரம் நஞ்சராஜரிடமும் அவருடைய தமையனாரிடமும் இருந்தது.

அந்த நஞ்சராஜர் ஒரு பெரிய ஏமாற்றத்துக்கு ஆளானார். கர்நாடக நவாபு பதவிக்காகச் சந்தா சாகிபும் முகம்மதலியும் போட்டியிட்ட காலம் அது. திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் அகப்பட்டுக் கொண்டிருந்த முகம்மதலி, மைசூர்ப் படை தமக்கு உதவிக்கு வந்தால் திருச்சிராப்பள்ளியையும் அதைச் சேர்ந்த சீமைகளையும் கொடுத்துவிடுவதாக வாக்களித்தார். நஞ்சராஜர் பெரும் படையுடன் வந்தார். 1752-ல் சந்தா சாகிபு பிடிபட்டுக் கொல்லப்பட்டார். காரியம் முடிந்தது. கோட்டையைக் கொடுங்கள் என்று நஞ்சராஜர் கேட்டபோது, முகம்மதலி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாக்குச் சொன்னார். ஆங்கிலேயக் கும்பினியார் நவாபின் பக்கமே நின்றார்கள். வாக்குறுதியை நம்பிய நஞ்சராஜர் 1755 வரையில் கோட்டை வாசலிலேயே பாளயமிறங்கிப் பொக்கிஷத்தைக் காலி செய்துகொண்டு, வெறுங்கையுடன் ஊருக்குத் திரும்பினார்.

இவ்வளவையும் ஹைதர் அருகில் இருந்து பார்த்தார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர் என்று சொல்லுகிறோம். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அக்காலத்தில் எங்கே இருந்தது?

இந்த நாட்களிலே கந்தே ராவ் என்னும் பிராமணக் கணக்கர் ஒருவரை ஹைதர் தம்முடன் சேர்த்துக்கொண்டார். ஹைதரின் குதிரைக்காரர்கள் கொள்ளையிட்டு வருவதில் பாதி அவர்களுக்கு, பாதி எஜமானுக்கு என்று ஏற்பாடு. அந்தப் பாதி சல்லிக்காசு தவறாமல் வந்து சேரும்படி கணக்கு வைத்தவர் கந்தே ராவ். ஹைதருக்குக் கணக்கு எழுதத் தெரியாது. ஆனால் மனக்கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது என்று பிரசித்தி. கன்னடம், தெலுங்கு, தமிழ், மராத்தி, ஹிந்துஸ்தானி எல்லாம் சரளமாகப் பேசுவார். தம் பெயரின் முதல் எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டு, அதையும் தலைகீழாகப் போடுவாராம்.

மஞ்சள் கட்டு

திண்டுக்கல்லுக்கு வந்த ஹைதர் முதலில் பாளையக்காரர்களுடன் போர் புரிந்தார். பெரும்பாலோர் பணிந்தனர், பணியாதவர்களின் மண்கோட்டைகள் இடிந்தன. கைப்பற்றிய ஆடுமாடுகளை விற்றுப் பணமாக்கினார். இதெல்லாம் அக்காலத்தில் எந்தப் பௌஜ்தாரும் செய்யக்கூடியதுதான். பிறர் செய்யாத ஒரு காரியத்தையும் அவர் செய்தார். புதுச்சேரியிலிருந்தும் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்தும் பிரெஞ்சுத் தொழில் நிபுணர்களை அழைத்து வந்து, திண்டுக்கல்லில் ஓர் ஆயுதசாலையும் பீரங்கிப் பட்டறையும் நிறுவினார். ஐரோப்பியரின் பலம் அவர்களுடைய தோலின் நிறத்தில் இல்லை, பீரங்கியிலும் அணிவகுப்பிலும் இருக்கிறது என்று கண்டுகொண்ட முதல் இந்தியத் தலைவர்களுள் அவர் ஒருவர். பின்னால் கும்பினியாரை நடுங்க வைத்த படையின் வித்து நம்முடைய மலைக்கோட்டையின் அடிவாரத்தில் விழுந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? கர்னல் வில்க்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதியிருக்கும் மைசூர்ச் சரித்திரத்தில் ஒரு வேடிக்கையான கதை இருக்கிறது. யுத்தத்தில் காயமடைந்த சிப்பாய் ஒவ்வொருவனுக்கும் குணமாகும் வரையில் மாதம் 14 ரூபாய் சர்க்கார் கொடுப்பது வழக்கம். ஹைதரின் படையில் உண்மையில் காயம் பட்டவர்கள் 67 பேர். தணிக்கைக்காக ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து உத்தியோகஸ்தர் வந்தபோதோ, கையிலும் காலிலும் மஞ்சள் தோய்த்த துணியைக் கட்டிக்கொண்டு சுமார் 700 பேர் வரிசையாகப் படுத்துக்கொண்டிருந்தார்களாம்! வில்க்ஸ் ஹைதரின் சத்துருக்களைச் சேர்ந்தவர் என்பதை மறக்கலாகாது. எனினும் சொல்லப்பட்ட கதை ஹைதரின் குணத்துக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. சர்க்கார் பணத்தைக் கொண்டே சர்க்காரைவிடப் பெரியவராகும் வித்தையை அவர் இங்கேதான் பழகினார்.

1757-ல் மதுரையின் மேல் பாய்ந்து பார்த்தார். அங்கே இருந்தவர் முகம்மது யூசுப்கான், நம் ஜனங்கள் கான்சாகிபு என்று சொல்லுகிறவர். அவர் ஹைதரை நத்தம் கணவாய்ப் பக்கத்தில் முறியடித்துத் திருப்பி அனுப்பினார். யூசுப்கானும் சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கி மதுரையை ஆண்டவர்தான். ஆனால் கும்பினியாரையும் நவாபையும் பகைத்துக் கொண்டபோது பக்கத்தில் துணையாக நிற்க ஒரு வலிய அரசரையும் அவர் சம்பாதித்துக் கொள்ளவில்லை. 1764-ல் தூக்கிலிடப்பட்டார். இவ்விரண்டு வீரர்களுக்கும் உள்ள வித்தியாசம் வீரத்தில் இல்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அடுத்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சம்பளம் கிடைக்காத படைகள் நஞ்சராஜரின் வாசலில் தர்ணா கிடந்தன. உள்ளே சோறும் தண்ணீரும் போக விடவில்லை. திண்டுக்கல்லிலிருந்து ஹைதர் விரைந்து சென்றார். கந்தே ராவை உட்கார வைத்துச் சம்பளப் பட்டியல்களைப் புரட்டச் செய்து, பொய்க்கணக்குகளையெல்லாம் அடித்துத் தள்ளி, நியாயமான பாக்கியைத் தீர்த்து வைத்தார். மஞ்சள் கட்டுக் கட்டியவருக்கல்லவா பிறர் கட்டிய மஞ்சள் கட்டுத் தெரியும்! 1759-ல் மராத்தியர் படையெடுத்து வந்தபோது அவர்களுடன் போரிட்டுப் பின்னர் பேரம் பேசி, 32 லட்சம் ரூபாய்க்குக் கணக்குத் தீர்த்தார். பொக்கிஷத்தில் பணம் இல்லை. ஹைதரின் ஜாமீனின் பேரில் சாகுகார்கள் கடன் கொடுத்தார்கள். ராஜாவின் வார்த்தையைக் காட்டிலும் சேனாதிபதியின் வார்த்தைக்கு மதிப்பு ஏறிவிட்டது என்பது இதனால் விளங்கும்.

கிளியும் கூண்டும்

1760-ல் நஞ்சராஜர் ஒதுக்கப்பட்டார். ஹைதர் கையில் அதிகாரம் வந்தது. உடனே எதிர்பாராத இடத்திலிருந்து இடி விழுந்தது. கந்தே ராவ் அரண்மனையாருடன் சேர்ந்துகொண்டு, மராத்தியரையும் வரவழைத்து, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதரின் மேல் பீரங்கி சுட ஏற்பாடு செய்தார். அச்சமயம் ஹைதரின் நல்ல படைகள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்கு உதவியாகப் போயிருந்தன. குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டு, சில குதிரைக்காரர்களுடன் இரவோடு இரவாகக் காவேரியைக் கடந்து ஹைதர் பெங்களூர்ப் பக்கம் ஓடினார்.

அவரைக் காப்பாற்றியது ஒரு பகுதி தைரியம், ஒரு பகுதி பணம், மூன்றாவது பகுதி வெட்கம் இல்லாமை. மராத்தியரைப் பணம் கொடுத்து விலக்கினார். பிறகு தாம் கவிழ்த்துவிட்ட நஞ்சராஜரிடமே ஆயுதமின்றிச் சென்று காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார். நஞ்சராஜரின் மனம் இளகிற்று. அவருடைய பெயரால் கந்தே ராவின் படைத் தலைவர்களுக்குக் கடிதங்கள் புறப்பட்டன. ‘ஏற்கெனவே பேசிக்கொண்டபடி கந்தே ராவைப் பிடித்து ஒப்படைத்துவிடுங்கள்’ என்ற கருத்தில் எழுதப்பட்ட பொய்க் கடிதங்கள் அவை. அவை கந்தே ராவின் கையில் அகப்படும்படியே அனுப்பப்பட்டன. தம்மைச் சுற்றியுள்ள அனைவரும் துரோகிகள் என்று எண்ணிக் கந்தே ராவ் சேனையை விட்டு ஓடினார். சேனை சிதறியது. எழுதத் தெரியாதவர் எழுத்தைக் கொண்டே ஒரு யுத்தத்தை ஜயித்தார்.

கந்தே ராவின் உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்று அரண்மனையிலிருந்து வேண்டினார்கள். அதற்கென்ன, கிளியைப் போல் வைத்துக் காப்பாற்றுகிறேன் என்றார் ஹைதர். சொன்ன சொல் தவறவில்லை. கந்தே ராவ் எஞ்சிய நாள் முழுவதும் இரும்புக் கூண்டில் இருந்து பாலும் அன்னமும் உண்டார். இந்தக் கதையைச் சிலர் சாமர்த்தியமென்று ரசித்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது ரசிக்கவில்லை. வார்த்தையின் ஓட்டைக் காப்பாற்றிக்கொண்டு அதன் உயிரைக் கொல்லுவது எப்படி என்பதை ஹைதர் அறிந்திருந்தார் என்பதற்கு அத்தாட்சி அது. அதே வித்தையைக் கும்பினியார் பின்னால் அவரிடமே காட்டினார்கள்.

பரங்கிமலையில்

1767-ல் கும்பினியாருக்கும் ஹைதருக்கும் முதல் யுத்தம் மூண்டது. தொடக்கத்தில் நிஜாம் ஹைதரின் பக்கம். செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் தோல்வி நேர்ந்ததும் நிஜாம் மெல்ல நழுவிக் கும்பினியாருடன் தனி உடன்படிக்கை செய்துகொண்டார். திண்டுக்கல் கூட அந்த வருஷம் ஆங்கிலேயர் வசமாகி, மறு வருஷம் மீண்டது. ஹைதர் தனியாக நின்று போரிட்டார். சமாதானத்துக்கு முயன்றபோதெல்லாம் சென்னையார் கடினமான நிபந்தனைகளைக் கூறினார்கள்.

1769 மார்ச் மாதக் கடைசியில் சென்னைப் பட்டணத்தார் விழித்துப் பார்க்கையில், ஹைதர் பரங்கிமலையில் நின்றுகொண்டிருந்தார். பெரும் படையையும் பீரங்கிகளையும் வேறு திசையில் அனுப்பி எதிரியின் சேனையை ஏமாற்றிவிட்டு, சுமார் 6,000 குதிரைகளை மட்டும் அழைத்துக்கொண்டு, 130 மைலை மூன்றரை நாளில் கடந்து வந்திருந்தார். கோட்டையைப் பிடிப்பது அவருடைய நோக்கமன்று. குதிரையினால் கோட்டையைப் பிடிக்க முடியாது என்று அவருக்கா தெரியாது? நகரத்தைச் சுற்றியிருந்த தோட்ட பங்களாக்களில் வசித்த துரைமார்களுக்குத் தம் குதிரைகளின் குளம்போசை கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தேவை.

பேச்சு நடத்துவதற்கு இன்னார்தான் வரவேண்டும் என்றும் ஹைதரே பெயர் சொன்னார். கவுன்ஸில் அங்கத்தினராகிய டூப்ரே துரையை அனுப்புங்கள் என்றார். டூப்ரே வந்தார். ஏப்ரல் முதல் வாரத்தில் உடன்படிக்கை ஏற்பட்டது. இரு தரப்பாரும் பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது, கரூர் ஹைதருக்கு. இவை பெரிய விஷயங்கள் அல்ல. முக்கியமான ஷரத்து ஒன்றுதான்: இருவரில் எவர் பேரில் அந்நியர் படையெடுத்தாலும் மற்றவர் உதவிக்கு வரவேண்டும்.

இந்த உடன்படிக்கை முடிந்தபின், ஹைதர் டூப்ரே துரையின் மூக்கை யானைத் துதிக்கைபோல் பிடித்து இழுக்க அதிலிருந்து வராகன்கள் கொட்டுவது போன்ற சித்திரம் ஒன்றைச் சென்னைக் கோட்டை வாசலில் ஒட்டச் செய்தார் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிவைத்திருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பணத்தை அள்ளிக்கொண்டு போகவா ஹைதர் அவ்வளவு தூரம் வந்தார்? அவர் கேட்டது துணை. வடக்கே மராத்தியர் எந்த நிமிஷத்திலும் வரக்கூடும். அவர்களைத் தனியாகத் தாங்க முடியாது என்பதை அவர் அறிவார். ஆகவே தோற்கடித்த எதிரியிடம் கப்பம் கேளாமல் சிநேகம் கேட்டார். இந்தியாவில் கும்பினியாருக்கு நிபந்தனை விதிக்கும் நிலையில் நின்ற ஓர் இந்திய அரசர், அந்தச் சந்தர்ப்பத்தை இவ்வளவு நிதானத்துடன் உபயோகித்தது அபூர்வம்.

எதிர்பார்த்தபடியே பேஷ்வா மாதவராவின் படைகள் வந்தன. 1771 மார்ச்சில் மேல்கோட்டைக்கு அருகே சின்குர்லியில் ஹைதரின் சேனை சின்னாபின்னமாயிற்று. அவரே தப்பியது பெரும்பாடு. சென்னைக்குக் கடிதத்தின் மேல் கடிதம் அனுப்பினார். உடன்படிக்கையின் ஷரத்தை எடுத்துக் காட்டினார். பணம் தருகிறேன் என்றார். சென்னையிலிருந்து ஒரு சிப்பாய்கூட வரவில்லை. நவாபு முகம்மதலி, மராத்தியருடன் சேர்ந்துகொள்ளுங்கள் என்று தூபம் போட்டார். இங்கிலாந்து அரசரின் பிரதிநிதியாக வந்திருந்த லிண்ட்ஸே துரையும் அதற்கே தாளம் போட்டார். கும்பினியார் எந்தப் பக்கமும் சேராமல் சும்மா இருந்துவிட்டார்கள். அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் யார் தெரியுமா? ஹைதர் பெயர் சொல்லி வரவழைத்த அதே டூப்ரே துரைதான்!

திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாசலில் நஞ்சராஜர் கற்ற பாடத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், இருபது வருஷம் கழித்து அதே பாடத்தைத் தம் செலவில் படிக்க நேர்ந்தது. இதை ஹைதரின் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாக்குறுதியை நிறைவேற்றும்படி கட்டாயப்படுத்தக்கூடிய 6,000 குதிரைகள் பரங்கிமலையில் நின்றது ஒரு வாரம்தான். அவற்றை அங்கேயே எப்பொழுதும் நிறுத்தி வைக்க யாரால் முடியும்?

அதன்பின் ஹைதர் கும்பினியாரை மன்னிக்கவே இல்லை. கும்பினியாருக்கும் நவாபுக்கும் பகையானவர்களுக்கு அவருடைய கதவு திறந்தது. 1772 ஜூனில் காளையார்கோவிலில் சிவகங்கை முத்துவடுகநாதத் தேவர் கொல்லப்பட்டபோது, ராணி வேலு நாச்சியார் பிரதானி தாண்டவராய பிள்ளையுடனும் மருது சகோதரர்களுடனும் தப்பி வந்து விருப்பாட்சிப் பாளையத்தில் கோபால நாயக்கரின் ஆதரவில் தங்கினார். தாண்டவராய பிள்ளை உதவிப்படை வேண்டி ஹைதருக்கு ஓலை அனுப்பினார். திண்டுக்கல்லில் ராணி ஹைதரை நேரில் கண்டு ஹிந்துஸ்தானியில் பேசினார் என்பது இந்தப் பக்கத்தில் வழங்கும் செய்தி. 1780-ல் ராணி சிவகங்கையை மீட்டுக் கொண்டார். மைசூரின் உதவி அதில் இருந்தது. ஒரு காலத்தில் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடித்த பௌஜ்தார், இப்போது பாளையக்காரர்கள் நம்பி வந்து நிற்கும் நிழலாகிவிட்டார். ராஜதந்திரம் என்றால் இதுதான் போலும்.

பாதிரியார் தூது

1779-ல் கும்பினியார் பிரெஞ்சுக்காரருடைய மாஹியைப் பிடித்தார்கள். அந்தத் துறைமுகத்தின் வழியாகவே ஹைதருக்கு ஐரோப்பியச் சரக்குகள் வந்துகொண்டிருந்தன. அது தம் பாதுகாப்பில் இருக்கிறதென்று அவர் எச்சரித்தும் பயனில்லை. ஹைதரின் மனநிலையை அறிந்து வருவதற்காகச் சென்னையார் அனுப்பிய மனிதர் ஸ்வார்ட்ஸ் பாதிரியார். தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் ஊழியம் செய்துவந்த அந்த ஜெர்மானியர் நன்றாகத் தமிழ் பேசுவார். கும்பினியின் உத்தியோகஸ்தர் யாரையும் நம்ப மாட்டேன், இந்தப் பாதிரியார் என்னை ஏமாற்ற மாட்டார் என்று ஹைதர் கருதினாராம்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தாம் கண்டவற்றைப் பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். ஹைதர் தமக்குப் பக்கத்திலேயே ரத்தினக் கம்பளத்தில் அவரை உட்கார வைத்துப் பேசினார். கடிதம் வந்தால் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். உடனே பதில் சொல்லுவார். எழுதியதைத் திரும்பப் படிக்கச் செய்து முத்திரை வைப்பார். ஒரே நாளில் எத்தனையோ கடிதங்கள் இப்படிப் புறப்படும். மதம் எதுவாயிருந்தாலும் அவருக்கு அக்கறையில்லை. அவரவர் விருப்பம் என்று விட்டுவிடுவார். இவ்வளவையும் வியந்த பாதிரியார், சவுக்குகளுடன் தயாராக நின்ற ஆட்களையும், கணக்கில் தவறிய உத்தியோகஸ்தர்கள் பட்ட அடியையும் மறைக்கவில்லை.

ஹைதர் கொடுத்தனுப்பிய பதிலில், உடன்படிக்கைக்குப் பிறகு கும்பினியார் செய்தவை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லப்பட்டிருந்தன. சமாதானத்தின் கதவு அப்போதும் முழுதும் மூடவில்லை. சென்னையார் அதைத் தள்ளித் திறக்க ஒரு விரலையும் அசைக்கவில்லை. ஹைதர் வழிச்செலவுக்காகக் கொடுத்த 300 ரூபாயைப் பாதிரியார் கவர்ன்மெண்டாரிடம் ஒப்படைத்தார். அவர்கள் திருப்பிக் கொடுக்கவே, தஞ்சாவூரில் அநாதைக் குழந்தைகளின் பள்ளிக்கூடத்துக்கு அதை வைத்துவிட்டார். அந்தத் தூதினால் யாருக்காவது நன்மை உண்டானதென்றால் அந்தக் குழந்தைகளுக்குத்தான்.

நிஜாமையும் பூனாவையும் தம்முடன் சேர்த்துக்கொண்டு 1780 ஜூலையில் ஹைதர் செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். சுமார் எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் பேர் கொண்ட படை. செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சீபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் சேனை அடியோடு அழிந்தது. இந்தியாவில் அதுவரை கும்பினியார் அப்படிப்பட்ட அடி வாங்கியதில்லை. இதைப் படிக்கையில் நமக்கு உற்சாகம் பொங்குவது இயற்கையே.

ஆனால் அதே சமயம் என்ன நடந்தது? எதிரிக்கு ஒரு பிடி அரிசியும் ஒரு கட்டுப் புல்லும் கிடைக்கக் கூடாதென்று சென்னையைச் சுற்றியும் வேலூரைச் சுற்றியும் கிராமங்கள் கொளுத்தப்பட்டன. எரிந்தவை நம்மவர் வீடுகள். ஓட்டிச் செல்லப்பட்டவை நம்மவர் மாடுகள். மறுவருஷம் தஞ்சாவூர்ச் சீமைக்கும் அதே கதி. பயிர் அழிந்து, ஜனங்கள் பட்டினியால் மடிந்தார்கள். ‘ஹைதர் கலாபம்’ என்ற சொல் தலைமுறை தலைமுறையாக அங்கே வழங்கிற்று. முன்கூட்டியே நெல் வாங்கிச் சேர்த்து வைத்துத் தஞ்சாவூரில் பசித்தவர்களுக்குச் சோறு போட்டவர்களில் முக்கியமானவர், ஹைதரின் கம்பளத்தில் உட்கார்ந்து பேசிய அதே ஸ்வார்ட்ஸ் பாதிரியார். அவரைத் தடையின்றிப் போகவர விடும்படி ஹைதர் தம் படையினருக்கு உத்தரவு கொடுத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1785-ல் எட்மண்டு பர்க் இங்கிலாந்துப் பார்லிமெண்டில் இந்த அழிவை வர்ணித்துப் பேசியபோது, குற்றத்தைக் கும்பினியார் தலையிலும் நவாபின் தலையிலும் ஏற்றினார். அவர் ஏற்றியது நியாயமே. எனினும் தீ வைத்த கை ஹைதருடையது. அந்நியனை எதிர்த்தவர் என்பதற்காக நாம் அதை மூடி மறைத்தால், அந்தக் கிராமங்களில் இருந்தவர்கள் நமக்கு யாரோ என்றாகிவிடும்.

சிநேகிதர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். கல்கத்தாவிலிருந்து வாரன் ஹேஸ்டிங்ஸ், நிஜாமுக்குக் குண்டூர் விஷயத்தில் விட்டுக்கொடுத்து அவரை அமைதிப்படுத்தினார். நாகபுரியாருக்குப் பணம் போயிற்று. 1781 ஜூலை முதல் தேதி பரங்கிப்பேட்டையில் ஸர் அயர் கூட் ஹைதரைத் தோற்கடித்தார். 1782 மே மாதம் ஸால்பாயில் மராத்தியரும் கும்பினியாருடன் உடன்படிக்கை எழுதினார்கள். மிச்சமிருந்தது பிரான்ஸ் ஒன்றே. அந்த வருஷம் ஜூலையில் கடலூருக்கருகே பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் ஸுப்ரேன் ஹைதரைக் காண வந்தார். பருத்த தேகமுள்ள அவர் தரையில் உட்காரத் தவிப்பதைக் கண்டு, ஹைதர் திண்டுகளைக் கொண்டுவரச் செய்தாராம். ஸுப்ரேன் கடலிலே தீரமாகப் போரிட்டார். ஆயினும் ஹைதர் எதிர்பார்த்த பெரிய பிரெஞ்சுத் தரைப்படை அவர் உயிரோடிருக்கும் வரையில் வரவில்லை.

இக்காலத்தில் ஹைதர் தம் மந்திரி பூர்ணையாவிடம் மனம் விட்டுப் பேசியதாக வில்க்ஸ் குறித்திருக்கிறார். இரு தரப்பிலும் மனஸ்தாபத்துக்குக் காரணம் இருந்தது உண்மை, ஆனால் இவ்வளவு பெரிய யுத்தத்துக்கு அது போதாது. தரையில் இவர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் அழிக்கலாம், கடலை எப்படி வற்றடிப்பது என்பது அந்தப் பேச்சின் கருத்து. கப்பல்கள் வந்துகொண்டே இருக்கும்வரை கும்பினிக்குத் தோல்வி என்பது ஒரு வருஷக் கணக்கில் நஷ்டம்தான் என்பதைத் தெளிவாகக் கண்டவர், அதைக் கண்டபோது முதுகில் ராஜபிளவையுடன் படுத்திருந்தார்.

1782 டிசம்பர் 7-ஆம் தேதி, சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டையில் பாளயத்திலேயே ஹைதர் அலி காலமானார். மகன் திப்பு மலையாளத்துப் பக்கம் இருந்தார். மரணச் செய்தி வெளியானால் சேனை கலைந்துவிடும் என்று அஞ்சிய பூர்ணையாவும் கிருஷ்ண ராவும், எஜமானர் அசௌக்கியமாக இருக்கிறார் என்றே சொல்லி வந்தார்கள். உடல் ஒரு பெட்டியில் வைக்கப்பட்டு, பொக்கிஷம் போகிறதென்ற பாவனையில் காவலுடன் கோலாருக்குப் புறப்பட்டது. திப்பு வந்து சேரும் வரையில் பாளயம் வழக்கம்போலவே நடந்தது.

திண்டுக்கல்லை 1783-ல் ஆங்கிலேயர் பிடித்தனர். 1784-ல் மங்களூர் உடன்படிக்கையின்படி திப்புவிடம் கொடுத்தனர். 1790-ல் மறுபடியும் பிடித்தனர். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையினால் அது கும்பினியாருக்கே உரியதாயிற்று. எரியோட்டுப் பாளையமும் அதனுடன் போயிற்று. பீரங்கிப் பட்டறை இருந்த ஊரில் இன்று மலைக்கோட்டை தொல்லியல் துறையாரின் பாதுகாப்பில் இருக்கிறது. ஊரின் தென்பகுதியில் பேகம்பூர்ப் பெரிய பள்ளிவாசலில் ஹைதரின் சகோதரி ஒருவரின் சமாதி இருக்கிறது. அந்தப் பேகத்தின் பெயரால்தான் பேகம்பூர் வழங்குகிறது.